படகுக் கேள்வி–பதில்: மில்டுராவிலிருந்து ரென்மார்க் வரை

ஈஸ்டர் விடுமுறை நெருங்குகிறது போல. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து, அதிலும் முர்ரே ஆற்றில் சின்ன மோட்டார் படகை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் போவது பற்றித்தான். ஒன்று போலிருந்த கேள்விகளைச் சேர்த்து, முழுக்க அதற்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில்.

நானும் மைத்துனரும் சேர்ந்து 4.3 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். 30 குதிரைத்திறன் எஞ்சின். மில்டுராவில் இறக்கி கடல் வரைக்கும் போய்விட வேண்டும் என்று ஆசை. லீவு ஒரு வாரம். முடியுமா?
— மெல்பர்ன் வாசகர்

முடியாது. முடிந்தாலும் அது பயணமாக இருக்காது, கூரியர் டெலிவரி மாதிரி இருக்கும். முர்ரேயில் தூரத்தைக் கடல் முகத்திலிருந்து எண்ணுகிறார்கள், மில்டுரா லாக் (தடுப்பணை ஓரமாக, தண்ணீர் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) இருப்பது 878-ஆவது கிலோமீட்டர். அதாவது நாள் ஒன்றுக்கு 125 கி.மீ. ஓட்டவேண்டும், நடுவில் லாக்கில் காத்திருப்பது தனி, கடைசியில் அலெக்ஸாண்ட்ரினா ஏரி என்று ஒன்று இருக்கிறது, அங்கே தென்மேற்குக் காற்று கிளம்பினால் உங்கள் அளவுப் படகு கரையில்தான் இருக்கவேண்டும்.

மில்டுராவிலிருந்து, தெற்கு ஆஸ்திரேலிய எல்லை தாண்டி இருக்கும் ரென்மார்க் வரை போங்கள். 311 கி.மீ., ஆறு லாக்குகள், ஒரு வாரத்துக்குக் கச்சிதம். கணக்கு இப்படி: மில்டுராவில் 11-ஆம் லாக்கைத் தாண்டினால் வென்ட்வொர்த்தில் இருக்கும் 10-ஆம் லாக்குக்கு 53 கி.மீ., அங்கிருந்து ஒன்பதுக்கு 60, எட்டுக்கு 39, ஏழுக்கு 29, ஆறுக்கு 77, கடைசியில் ரென்மார்க் ஊருக்கு இன்னொரு 53. எட்டையும் ஏழையும் ஒரே நாளில் முடிக்கலாம், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் அவசரப்படாமல் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுதான் இந்த ஆற்றிலேயே அழகு என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் எழுதலாம்.

லாக் எண்களைப் பார்த்து சிலர் குழம்புகிறார்கள். ஆற்றை மேலே போகப் போக 11-க்கு அப்புறம் 15, அப்புறம் நேராக 26. முதலில் 26 லாக் கட்டுவதாகத் திட்டம், பிளான்ச்டவுனில் முதலாவது 1922-இல் முடிந்தது, மொத்தம் 13 கட்டுவதற்குள் ரயிலும் ரோடும் சரக்கை எடுத்துக்கொண்டுவிட்டன. மீதி எண்கள் காகிதத்தோடு சரி.

ஆனால் தேதி குறிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கேள்வியில் அதுதான் வருகிறது.

எவ்வளவு பெட்ரோல் எடுத்துப் போகவேண்டும்? ஒருவர் 60 லிட்டர் போதும் என்கிறார், இன்னொருவர் 150 என்கிறார்.
— அடிலெய்ட் வாசகர்

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், அவரவர் படகுக்கு. உங்கள் படகுக்கு என்ன என்பதை உங்கள் படகுதான் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குக் கொண்டுபோகும் அத்தனை சாமானையும் ஏற்றுங்கள், கூடாரம், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், மைத்துனர் உட்பட. ஏற்றிவிட்டு, டாங்கை நிரப்பி, ஜிபிஎஸ்ஸில் 20 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டுங்கள், திரும்ப நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். பிறகு அதையே மெதுவாக ஓட்டிச் செய்யுங்கள். நீரோட்டம் இருக்கிற இடமென்றால் போக 10, வர 10 என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வெறும் படகில் எடுத்த கணக்கை நம்பிப் போகிறவர்கள்தான் வழியில் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

வென்ட்வொர்த்தில் நிரப்பினால், அடுத்தது ரென்மார்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 265 கி.மீ. நடுவில் எங்கேயாவது கிடைத்தால் லாபம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு உதாரணத்துக்கு, சுமையோடு தண்ணீர்மேல் எழும்பி ஓடும்போது உங்கள் படகு லிட்டருக்கு 3 கி.மீ. கொடுக்கிறது என்றால் 88 லிட்டர், அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், ஆக 120 லிட்டர் வேண்டும். பெட்ரோல் மட்டுமே 90 கிலோ வந்துவிடும். அதே படகு மெதுவாகப் போகும்போது 5 கி.மீ. கொடுத்தால் 70 லிட்டர் போதும், எடை 52 கிலோ. எடை குறைந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் நல்லதாகும். மோசமானது இரண்டுக்கும் நடுவில் உள்ள வேகம்: முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, பெரிய அலையைக் கிளப்பிக்கொண்டு போவது. எஞ்சின் குடிக்கும், படகு நகராது, கரையில் கட்டியிருக்கும் வீட்டுப் படகுக்காரர் உங்கள் குலத்தையே வாழ்த்துவார்.

படகின் பின்பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். ஆட்கள், எஞ்சின், பெட்ரோல், சாமான் எல்லாவற்றையும் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள். இதைக் கூட்டாதவர்களே அதிகம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும், நாள்கணக்கில் கேனில் நிற்கும்போது தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கேனை நிரப்பும்போது படகுக்குள்ளோ வண்டியின் டிக்கியிலோ வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், நிலைமின் பொறி பற்றி பங்கில் எழுதியிருப்பது சும்மா இல்லை. விளிம்பு வரை ஊற்றவும் கூடாது, வெயிலில் விரியும்.

என் வீட்டுக்காரரும் பையன்களும் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. லாக் என்றால் மூடிய கிணற்றுக்குள் இறக்குவார்களாமே? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
— சிட்னி வாசகி

அம்மா, கிணறு இல்லை, நீளமான கான்கிரீட் தொட்டி. மேலே வானம் தெரியும். உங்களைப் போன்ற சின்னப் படகு நாலைந்து ஒன்றாகவே உள்ளே நிற்கும்.

நடப்பது இதுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் தள்ளி நிற்பீர்கள், பச்சை வந்ததும் மெதுவாக உள்ளே. சுவர் பாசி பிடித்து வழவழ என்று இருக்கும், படகுக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் தடுப்புகளைத் தொங்கவிட்டிருப்பீர்கள், எஞ்சினை அணைத்துவிட்டு சுவரில் இருக்கும் கம்பியிலோ சங்கிலியிலோ கயிற்றை ஒரு சுற்று சுற்றி முனையைக் கையில் பிடித்துக்கொள்வீர்கள். பின்கதவு மூடும். மில்டுராவிலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் வடியும், எனவே சத்தமோ சுழலோ பெரிதாக இராது, சுவர் மட்டும் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகிற மாதிரி தெரியும். ஏறத்தாழ மூன்று மீட்டர், பத்து நிமிடம். முன்கதவு திறந்ததும் ஒருவர் பின் ஒருவராக வெளியே.

ஒரே ஒரு தப்புதான் இங்கே ஆபத்து: கயிற்றை முடிச்சுப் போட்டுவிடுவது. தண்ணீர் இறங்கும், படகு இறங்காது, ஒருபக்கமாகத் தொங்கும். முடிச்சே போடாதீர்கள், கையால் விட்டுக்கொண்டே வாருங்கள். பையன்களிடம் இந்த வேலையைக் கொடுப்பதாயிருந்தால் மோதிரம், கைக்கயிறு எல்லாம் கழற்றச் சொல்லுங்கள், விரலில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. கையுறை நல்லது.

லாக் காவலர்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் திறப்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் காலை 8 முதல் 11.30, பிறகு 1 முதல் 4.30. பதினொன்றே முக்காலுக்குப் போய் ஹாரன் அடித்தால் அவருக்கும் பசி, உங்களுக்கும் கோபம். முந்தின நாளே போன் போட்டு இத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

நீச்சல் தெரியாவிட்டாலும் வரலாம். ஆனால் உயிர்காப்பு ஜாக்கெட்டைப் படகில் கால் வைத்ததிலிருந்து கரையில் இறங்கும்வரை கழற்றாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 4.8 மீட்டருக்கு உட்பட்ட படகு ஓடும்போது எல்லோரும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டமே. வீட்டுக்காரர் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஆரம்பித்தால் குளிர்ந்த தண்ணீரில், தலையில் அடிபட்டு விழுகிறவனுக்கு நீச்சல் உதவாது என்று சொல்லுங்கள்.

எங்கட அப்பா ஊரில வள்ளம் ஓட்டினவர், நானும் சின்ன வயசிலயே அவரோட கடலுக்குப் போனனான். ஆறுதானே, இதுக்கு இவ்வளவு ஆயத்தம் வேணுமோ அண்ணை?
— மெல்பர்ன் வாசகர்

கடலில் எஞ்சினோடு பழகியவருக்குப் பாதிப் பாடம் கூடவே வந்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் ஆற்றில் பயம் அலையைப் பற்றியதல்ல, அடியில் கிடப்பதைப் பற்றியது. முர்ரே கரை முழுக்க செங்கருவேலம் போல வைரம் பாய்ந்த ரெட் கம் யூகலிப்டஸ் மரங்கள், அவை விழுந்தால் மிதக்காது, அடியில் கிடந்து நூறு வருடம் இருக்கும். 1853-இல் முதல் நீராவிப் படகுகள் இங்கே ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே இதே தொல்லைதான், கட்டைகளைப் பிடுங்குவதற்கென்றே தனிப் படகு வைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அந்தக் கட்டைகளின் நிழலில்தான் முர்ரே காட் மீன் குடியிருந்தது, மீன் குறைந்ததும் மேல் ஆற்றில் சில பகுதிகளில் ஆயிரக்கணக்கில் கட்டைகளைத் திரும்பப் போட்டார்கள்! 2022-23 வெள்ளம், 1956-க்குப் பிறகு வந்ததிலேயே பெரியது, அது இன்னும் கொஞ்சத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறது. ஆகையால் பழைய வரைபடத்தில் இல்லையென்றால் ஆற்றிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தண்ணீரைப் படிக்கப் பழகுங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல்மேடு. எனவே வளைவில் குறுக்கே வெட்டிப் போகாமல் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள், அதற்காகக் கரையை உரசவும் வேண்டாம், விழுந்த மரங்கள் அங்கேதான் கிடக்கும். ஓட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் 'வி' போல ஒரு சுருக்கம் விழுந்து, முனை மேல்நோக்கி இருந்தால் அடியில் கட்டை. எதிர்வெயிலில் இது தெரியாது, அதனால் மேற்கே போகும் இந்த வழியில் மாலை மூன்றரை நாலுக்குள் கரை சேருங்கள். இருட்டில் ஓட்டவே வேண்டாம்.

கட்டையில் அடித்தால் முதலில் போவது புரொப்பெல்லர். மாற்று ஒன்று, அதன் நட்டு, பின், அதற்கேற்ற ஸ்பேனர் கட்டாயம். கூடவே ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு இரண்டாவது ஒன்று, படகின் அடைப்பான் இரண்டாவது ஒன்று. எஞ்சின் பின்னாலிருந்து பீய்ச்சும் அந்தச் சின்னத் தண்ணீர்த் தாரை இருக்கிறதே, ஓட்டுகிறவர் அடிக்கடி திரும்பி அதைப் பார்க்கவேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ உடனே எஞ்சினை அணையுங்கள். பல சமயம் துளையில் சேறோ களையோ அடைத்திருக்கும், மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் திறந்துவிடும். குத்தியும் வரவில்லையென்றால் உள்ளே தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறி போயிருக்கலாம், பழைய எஞ்சின் என்றால் புறப்படும் முன்னேயே அதை மாற்றிவிடுவது மேல். உப்புத் தண்ணீர் வள்ளத்தில் இதெல்லாம் உங்களுக்குப் புதிதா என்ன.

ஒரு வாரச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது? தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை, வாழைப்பழம் எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.
— மெல்பர்ன் வாசகி

நல்லவேளை கேட்டீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வராமல் தடுக்க, வெளி மாநிலத்திலிருந்து பழங்களும் தக்காளி, மிளகாய் மாதிரியான காய்களும் கொண்டுபோகக் கூடாது. ரோட்டில் போனால் எல்லையில் யாம்பா என்ற இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு. ஆற்றில் சோதனைச் சாவடி கண்ணில் படாது, ஆனால் சட்டம் தண்ணீருக்கும் அதுவேதான். ரென்மார்க் சுற்றுவட்டாரம் முழுக்க ஆரஞ்சும் திராட்சையும், அந்த விவசாயிகளின் பிழைப்பு இதில் இருக்கிறது. 7-ஆம் லாக்கைத் தாண்டுவதற்குள் தக்காளியையும் மிளகாயையும் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். எல்லைக்கு அப்புறம் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, ரவை, அவல், மிளகாய் வற்றல் என்று ஓட்டிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அரிசி வடிக்கிறேன் என்று தண்ணீரை வீணாக்காதீர்கள், சின்ன குக்கர் கொண்டுபோங்கள், கேஸும் மிச்சம். அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், எவ்வளவு குளிரானாலும், கார்பன் மோனாக்ஸைடு வாசனை காட்டாது. விறகு மூட்டுவதற்குக் கோடையில் பல இடங்களில் தடை, கடும் தீத்தடை அறிவித்த நாளில் வெட்டவெளியில் கேஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு, காலையில் ரேடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்தானே?
— பிரிஸ்பேன் வாசகர்

கூடாது. கிருமி சாகும், ஆனால் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. 2016-இல் முர்ரேயில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்தப் பாசி படர்ந்தது. பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போல் தண்ணீர் தெரிந்தால் குளிக்கவும் வேண்டாம், பாத்திரமும் கழுவ வேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டு எடுத்துப் போங்கள், வென்ட்வொர்த்தில் ஒருமுறை நிரப்பலாம். இந்த எடையும் முன்னே சொன்ன தகட்டுக் கணக்கில் சேரும்.

இரவில் எங்கே தங்குவது? பாம்பு இருக்குமா? போன் எடுக்குமா?
— மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டது

தங்க மணல் திட்டு நிறைய கிடைக்கும், அனுமதியுள்ள இடம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு ஆசைப்பட்டு ரெட் கம் மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள், படகையும் கட்டாதீர்கள். காற்றே இல்லாத நாளில், சொல்லாமல் கொள்ளாமல், தொடை பருமன் கிளை ஒடிந்து விழும் மரம் அது. கரையேறியதும் முதல் வேலையாக அண்ணாந்து பாருங்கள். படகைக் கட்டும்போது கொஞ்சம் கயிறு விட்டுக் கட்டுங்கள், கீழ் லாக்கில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் இரவோடிரவாக மட்டம் மாறும்.

பாம்பு உண்டு, வெயில் நாளில் அதிகம். மூடிய செருப்பும் டார்ச்சும் போதும், நாம் தேடிப் போகாவிட்டால் அதுவும் வராது. எனக்கு அதைவிடக் கொசுதான் பெரிய விஷயம். ராஸ் ரிவர் காய்ச்சல் இங்கே பழைய தொல்லை, 2022-இலிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் முர்ரே பக்கம் தலைகாட்டியிருக்கிறது. தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அந்தி சாயும்போது முழுக்கை போடுங்கள்.

மில்டுராவில் ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும், ஜூலை இரவு நடுக்கும். மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை சரியான காலம். வசந்தத்தில் ஆறு பெருகியிருக்கும், பெரும் வெள்ளம் வந்தால் தடுப்பணையையே கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள், அப்போது லாக்குக்கு வேலையில்லை, படகு அணை இருந்த இடத்தின் வழியாகவே போகும். முதல்முறை போகிறவர்கள் அந்தச் சமயத்தில் போகவேண்டாம்.

போன், வென்ட்வொர்த்தைத் தாண்டினால் பல இடங்களில் எடுக்காது. ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்குத் தகவல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி ஒன்றைப் பதிவு செய்து, பெட்டிக்குள் அல்ல, ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பதிவு இலவசம். பேட்டரி காலாவதித் தேதியைப் பாருங்கள், பழைய படகோடு சேர்ந்து வந்த கருவி என்றால் அவசியம் பாருங்கள்.

லைசென்ஸ் எந்த மாநிலத்துடையது வேண்டும்? மீன் பிடிக்கலாமா?
— மெல்பர்ன் வாசகர்

தெற்கு ஆஸ்திரேலிய எல்லைக்கு மேலே ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம், விக்டோரியாவுக்குத் தெற்குக் கரை மட்டும்தான். நியூ சவுத் வேல்ஸில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்துக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் எல்லை தாண்டினால் எந்த வேகத்திலும் வேண்டும். விக்டோரியா லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் பயணத்துக்கு அதுவே போதும். மீனுக்கும் அப்படியே: மேலே நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடிக் கட்டணம் கட்டவேண்டும், எல்லைக்குக் கீழே தூண்டிலுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் காட் மீன் விதி மாறிவிடும்.

படகு ரென்மார்க் போய்விட்டது, காரும் டிரெய்லரும் மில்டுராவில் நிற்கிறது. எப்படித் திரும்புவது?
— மெல்பர்னின் அதே மைத்துனர், தனிக் கடிதத்தில்

இதை முதலில் யோசித்த ஆள் நீங்கள்தான், பாராட்டு. ஆற்றில் 311 கி.மீ. என்றாலும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் 145 கி.மீ. சுமார்தான், அவ்வளவு நெளிகிறது இந்த ஆறு. இரண்டு கார் இருந்தால், படகை மில்டுராவில் இறக்கிக் கட்டிவிட்டு, ஒருவர் படகோடு இருக்க, மற்றவர்கள் இரண்டு காரையும் ரென்மார்க்குக்கு ஓட்டி டிரெய்லர் பூட்டிய காரை அங்கே விட்டுவிட்டு மற்றதில் திரும்புங்கள். அரை நாள் போகும். அந்த ரோட்டில்தான் யாம்பா சோதனை இருக்கிறது, காரில் ஆப்பிள் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கார் என்றால் படகு நிறுத்தும் இடத்தில் விசாரித்து, காரைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆளை முன்னாலேயே பேசி வையுங்கள். டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்குக்கு கிரீஸ் வைத்துவிட்டுப் புறப்படுங்கள், மெல்பர்னிலிருந்து மில்டுரா 540 கி.மீ., ஆற்றைப் பார்க்கும் முன்னேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய.